கேஸ் நம்பர் என்ன?

அப்பாவை இடித்துவிட்டு நிற்காமல் போன காரைக் கண்டுபிடிக்க 23 நாள் ஆனது. அதில் பாதி நாள், போலீஸ் எதுவுமே செய்யவில்லை என்ற கோபத்திலேயே எனக்குப் போனது.

முதல் நாள் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் வந்துவிட்ட காவலர், சாலையில் சிதறிய முகப்பு விளக்குத் துண்டுகளை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டார். மனிதர் வலியில் துடிக்கிறார், இவருக்குக் கண்ணாடித் துண்டா முக்கியம் என்று எனக்கு எரிச்சல். பின்னால் அந்தத் துண்டில் இருந்த எண்ணை வைத்துத்தான் காரின் மாடலையே பிடித்தார்கள்.

வாக்குமூலம் வாங்க ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். அப்பா மருந்து மயக்கத்தில் இருந்தார். நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்; மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். மறுநாள் கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டச் சொன்னோம். 'சாலையைக் கடக்கும்போது' என்று எழுதியிருந்தது. அப்பா ஓரமாக நின்றுகொண்டல்லவா இருந்தார்! அதை அப்படியே விட்டிருந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் சும்மா இருப்பார்களா? திருத்த வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் ஒரு தகவலும் இல்லை. நிலையத்துக்குப் போன் செய்தால் ஒவ்வொரு முறையும் வேறு யாராவது எடுப்பார்கள். நான் கதையை முதலிலிருந்து சொல்வேன். பத்தாம் நாள் நேரில் போனேன். "கேஸ் நம்பர் என்ன?" என்றார்கள். முழித்தேன். வழக்கு எப்போதோ பதிவாகியிருந்தது, எங்களுக்குத்தான் தெரியாது. எண், விசாரணை அதிகாரியின் பெயர், அவர் நிலையத்தில் இருக்கும் நேரம் எல்லாவற்றையும் எழுதி வாங்கி வந்தேன்.

வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச் சபை 1985-லேயே ஒரு பிரகடனம் நிறைவேற்றியிருக்கிறது. அதெல்லாம் பிறகு படித்தது.

அந்த அதிகாரி நல்ல மனிதர். "புதுசா ஒண்ணும் இல்லேன்னாலும் வெள்ளிக்கிழமை கூப்பிடறேன்" என்றார். கூப்பிட்டார். "இன்னும் ஒண்ணும் இல்லைங்க" என்பதுதான் செய்தி. ஆனால் அன்றைக்குத்தான் அப்பா ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

அப்படிப்பட்டவரும் ஓட்டுநர் ஜாமீனில் வந்ததைச் சொல்ல மறந்துவிட்டார். வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. கேட்காமல் விட்டது என் தப்பும்தான்.

அன்று அப்பா போட்டிருந்த செருப்பும் மூக்குக்கண்ணாடியும் சான்றுப் பொருளாக நிலையத்திலேயே இருக்கின்றன. வழக்கு முடிந்தால் கிடைக்குமாம். "செருப்பு போகட்டும், கண்ணாடியை மட்டும் கேட்டு வாங்குடா" என்கிறார்.