நாய் டி ஏன் திரும்பி நிக்குது

எல்கேஜி மிஸ் யாரக் கேட்டாலும் பசங்களுக்கு இங்கிலீஷ்ல கஷ்டமான எழுத்து எதுன்னா யோசிக்காம பி, டி தான்னு சொல்வாங்க. நானும் அதான் சொல்வேன். ஆனா அந்த ரெண்டு மட்டும் ஏன் இப்படி படுத்துதுன்னு உக்காந்து கவனிச்சா கோளாறு அதுங்க கிட்ட இல்ல, அதுக்கு முன்னாடி நாம மாசக்கணக்கா சொல்லிக் குடுத்த கேப்பிட்டல்ல இருக்கு. (தமிழ்ல டைப் பண்ணா ஒரு தொல்லை, பி ரெண்டு வருது டி ரெண்டு வருது, அதனால இங்க பந்து பி (b), கிளி பி (p), நாய் டி (d), மரம் டி (t)ன்னு வச்சுக்கறேன்.)

கேப்பிட்டல் நாய் டி எப்படி இருக்கு, இடது பக்கம் கம்பு, வலது பக்கம் தொப்பை. பந்து பி, கிளி பி, ஆர் எல்லாம் அதே மாதிரி வலது பக்கம் பாத்து தான் நிக்கும். குழந்த ஜூன்லேர்ந்து அதையே எழுதி எழுதி கைல ஏத்திக்குது. அப்புறம் ஸ்மால் லெட்டர் ஆரம்பிக்கறோம், பந்து பி ஒழுங்கா வலது பக்கமே நிக்குது, நாய் டி மட்டும் சடார்னு திரும்பிடுது. குழந்த தெரிஞ்ச கேப்பிட்டல் டிய எடுத்து கொஞ்சம் குட்டியாக்கி எழுதுது, வந்து நிக்கறது பந்து பி! நாம சிவப்பு பேனால சுழிச்சு கவனமே இல்லன்னு டைரில எழுதி அனுப்பறோம். அது ரொம்ப கவனமாத்தாங்க யோசிச்சு எழுதியிருக்கு. நாலு வயசு வரைக்கும் அதுக்கு எந்தப் பொருளும் திரும்பினா வேற பொருள் ஆனதில்ல, நாற்காலிய எந்தப் பக்கம் திருப்பி வச்சாலும் நாற்காலி தான், முதல் தடவையா எழுத்துல தான் இந்தப் பக்கம் பாத்தா ஒண்ணு அந்தப் பக்கம் பாத்தா வேற ஒண்ணுன்னு ஒரு சட்டம் வருது.

இதுல நாம சொல்ற கதை வேற. பெரிய எழுத்து அம்மா, சின்ன எழுத்து பாப்பான்னு எல்லா கிளாஸ்லயும் சொல்றோம். சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இசட் இந்த ஏழுக்கும் அழகா பொருந்தும். அதத் தாண்டினா மாட்டிக்குவோம். ஒரு பையன் ஜி ரெண்டையும் மாத்தி மாத்தி பாத்துட்டு "மிஸ், இது அதோட பாப்பா இல்ல, வேற வீட்டு பாப்பா"ன்னான். அவன் சொன்னதுல ஓரளவு நியாயம் இருக்கு, ரோமாபுரில கல்லுல வெட்டினது நம்ம கேப்பிட்டல், ஸ்மால் எல்லாம் பிற்பாடு கையால வேகமா எழுதி எழுதி உருவம் மாறி கடைசில 8, 9ஆம் நூற்றாண்டுல சார்லமேன்ங்கற ஐரோப்பிய ராஜா காலத்து வாக்குல தான் ஒரு ஒழுங்குக்கு வந்துச்சு. நடுவுல அத்தன நூற்றாண்டு ஓடிருக்கு, ஜாடை எப்படி ஒட்டும்.

ஃபோர் லைன் நோட்டு இன்னொரு கூத்து. மேலயும் கீழயும் சிவப்பு கோடு, நடுவுல ரெண்டு நீலம். ஸ்மால் சி ரெண்டு நீலத்துக்கு நடுவுல, கேப்பிட்டல் சி மேல் சிவப்புலேர்ந்து கீழ் நீலம் வரைக்கும். கோடு இருக்கற வரைக்கும் சரி, சிலேட்டுல ஒத்தையா ஒரு சி எழுதிக் காட்டினா அது எதுன்னு எனக்கே தெரியாது, பக்கத்துல இன்னொரு எழுத்து இருந்தா தான் சொல்ல முடியும். கிளி பியும் அப்படித்தான், கோட்டுக்கு கீழ இறங்கினா ஸ்மால், மேலயே நின்னா கேப்பிட்டல். இதுக்கு டெஸ்ட் வச்சு அர மார்க் குறைக்கறதெல்லாம் எனக்கு பிடிக்காது, சொல்லியும் பாத்தாச்சு.

என்னக் கேட்டா ஸ்மால் லெட்டர்ல தான் ஆரம்பிக்கணும். எந்த கதை புத்தகத்தையும் ஒரு பக்கம் பிரிச்சு பாருங்க, வாக்கியத்தோட ஆரம்பமும் பேரும் தான் கேப்பிட்டல், மத்ததெல்லாம் ஸ்மால். சின்னக் குழந்தைங்களுக்கு சொல்லிக் குடுக்க தனி முறையே கொண்டு வந்த இத்தாலி மாண்டிசோரி அம்மா 1939ல அடையாறுக்கு வந்து டீச்சர்ஸுக்கு டிரெய்னிங் குடுத்தாங்களே, அவங்க முறைல உப்புத்தாள்ல வெட்டி ஒட்டி குழந்தைங்கள விரலால தடவ வைக்கறதே ஸ்மால் லெட்டர் தான். ஆனா நம்ம சிலபஸ்ல முதல் டெர்ம் கேப்பிட்டல்னு போட்டிருக்கும், பேரன்ட்ஸும் "மிஸ், ஏ டு இசட் முடிச்சாச்சா"ன்னு கேட் கிட்டயே நிப்பாங்க. பேக்ல, வாட்டர் பாட்டில்ல, டிபன் பாக்ஸ்ல எல்லாம் பேர முழுக்க கேப்பிட்டல்லயே எழுதி ஒட்டி அனுப்பறாங்க, முதல் எழுத்து மட்டும் கேப்பிட்டல், மிச்சம் ஸ்மால்னு எழுதுங்கன்னு ஒவ்வொரு வருஷமும் கேட்டுக்கறேன். தினமும் பாக்கற சொந்தப் பேர விட நல்ல சார்ட் எதுவும் கிடையாது.

நாய் டிக்கு என் கிளாஸ்ல ஓடற வழி ஒண்ணு தான், எங்க ஆரம்பிக்கறதுங்கறத மாத்தறது. தட்டுல ரவைய பரப்பி "முதல்ல சி போடு கண்ணா, அப்புறம் கைய எடுக்காம மேல போய் கம்பு இறக்கு"ம்பேன், அது நாய் டி. பந்து பின்னா முதல்ல கம்பு, அப்புறம் தொப்பை. ரெண்டையும் ஒரே வாரத்துல எடுக்கவே மாட்டேன். ரெண்டு கைலயும் முஷ்டி மடக்கி கட்டை விரல தூக்கி பெட் (bed, இடது முஷ்டி பந்து பி, வலது முஷ்டி நாய் டி)னு காட்டற ட்ரிக் யூகேஜிக்கு சரி, ஸ்பெல்லிங்கே தெரியாத எல்கேஜி பசங்க அத தம்ஸ் அப்னு நெனச்சு சிரிக்குதுங்க.

கேப்பிட்டல் ஸ்மால் வித்தியாசம் காட்ட வீட்லேர்ந்து காலி அட்டை கொண்டு வரச் சொல்வேன். அமுல் டப்பா வந்தா ஜாலி, முதல் எழுத்து கேப்பிட்டல் மத்த மூணும் ஸ்மால். அமேசான் அட்டைல எல்லாமே ஸ்மால், ஆனா அதுல இருக்கற ஏ தலைக்கு மேல கொக்கி போட்ட அச்சு ஏ, நோட்டுல எழுதறது வெறும் உருண்டையும் கம்பும். "இதுவும் ஏ வா?"ன்னு அட்டைய சந்தேகமா திருப்பித் திருப்பி பாக்கும்ங்க. ஆமாடா இதுவும் ஏ தான், நீ எழுதற மாதிரியே எழுதுன்னு விட்டுடுவேன்.

எழுத்து திரும்பி வந்தா உடனே டிஸ்லெக்சியாவான்னு (படிக்க எழுத வர்ற சிரமம்) பயந்து போன் பண்ற அம்மாங்களுக்கு நான் சொல்றது, இந்த வயசுல இது சாதாரணம், ஏழு வயசுக்குள்ள பெரும்பாலும் தானா சரியாகிடும், அதுக்கப்புறமும் நின்னா டாக்டர் கிட்ட காட்டலாம். கர்சிவ், அதான் கூட்டெழுத்து, எப்பன்னும் சேத்து கேப்பாங்க. அது யூகேஜில, அங்க போனா பந்து பி, எஃப், ஆர், எஸ், இசட் எல்லாம் திரும்ப வேற முகத்தோட வந்து நிக்கும், அத அந்த மிஸ் கிட்ட கேட்டுக்கோங்க.