ஒத்தக் குட்டிக்கு 66 நாள்: மைனாவின் பிரசவ நோட்டு

"ஒத்தக் குட்டிதானே தம்பி, தும்முனா வெளிய வந்து விழுந்திரும். இதுக்குப் போயி நோட்டெல்லாம் போட்டுக்கிட்டு..." என்று சிரித்தார் பக்கத்துத் தெரு அண்ணாச்சி. முப்பது வருஷமாகக் கன்னி நாய் வளர்ப்பவர். ஏழு, எட்டுக் குட்டி போட்ட பெட்டைகளை எல்லாம் பார்த்துப் பழகிய கை. எனக்கு இதுதான் முதல் பிரசவம் என்பதால் எது நடந்தாலும் நோட்டில் எழுதி வைத்தேன். எழுதியது நல்லதாகப் போயிற்று. ஒரே ஒரு ராத்திரி எழுதாமல் விட்டதுதான் வினை.

மைனாவுக்கு மூன்று வயது, 16 கிலோ. கருப்பு உடம்பு, புருவத்துக்கு மேல் மஞ்சள் பொட்டு, அதனால் அந்தப் பெயர். கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் ஓடித் திரியும் இனம். நெஞ்சுக்கூடு இறங்கி, இடுப்பு ஒட்டி, விலா எண்ணும்படி இருப்பதுதான் இதன் அழகு. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் மட்டும் "சோறு போடுறதில்லையா?" என்று தவறாமல் கேட்பார்கள்.

குட்டி குறைந்ததற்குக் காரணம் நான்தான். பருவத்துக்கு வந்து பத்தாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள், ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு தடவை சேர்ப்பது வழக்கம். எனக்கு அந்த வாரம் முழுக்க இரவு ஷிப்ட். பதினேழாம் நாள்தான் கடுவனிடம் கூட்டிப்போக முடிந்தது, அதுவும் ஒரே தடவை, அக்டோபர் 6. நாய்க்குக் கருமுட்டை வெளியே வந்த உடனே கரு பிடிக்காது, முதிர இரண்டு நாளாகும். முதிர்ந்த பிறகு உயிரோடு இருப்பது இரண்டு மூன்று நாள்தான். நான் போனது கடைசி பஸ்ஸுக்கு என்று பின்னால் புரிந்தது.

சேர்த்ததிலிருந்து 30ஆம் நாள். திருநெல்வேலியில் ஸ்கேன். வயிற்று முடியைக் கொஞ்சம் மழித்து, ஜெல் தடவி டாக்டரம்மா ஓட்டிக் காட்டினார். திரையில் கருப்பாக இரண்டு பை, ஒவ்வொன்றுக்குள்ளும் அரிசி அளவில் ஏதோ துடித்தது. "ரெண்டு தெரியுது. ஒண்ணு கொஞ்சம் சின்னதா இருக்கு. எண்ணிக்கையை இப்பவே நம்பாதீங்க, எலும்பு நல்லா ஏறின பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பாப்போம்."

அன்று சாயங்காலத்திலிருந்து அம்மாவுக்கும் எனக்கும் சாப்பாட்டுச் சண்டை. "ரெண்டு உசுருக்குத் திங்கணும்ல?" என்று கம்மஞ்சோற்றில் முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டே இருப்பார். டாக்டரம்மா சொன்னது நேர் எதிர்: ஐந்து வாரம் வரை வழக்கமான அளவே போதும், பிறகு மெல்ல மெல்லக் கூட்டி, கடைசியில் கால் பங்கு அதிகம் இருந்தால் போதும். நிறையக் குட்டி இருந்தால் தீனியைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று இரண்டு என்றால் அந்த ஒன்றே கொழுத்துப் பிறப்புப் பாதையில் நுழையாமல் நிற்கும். கடைசி மூன்று வாரம் மட்டும் குட்டி நாய்களுக்கான தீனியைச் சோற்றோடு கலந்து, ஒரே நேரத்தில் கொட்டாமல் மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்தேன்.

கால்சியம் டானிக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை எல்லோரும் செய்கிறார்கள். அண்ணாச்சி ஒரு பாட்டிலே வாங்கிக் கொடுத்தனுப்பினார். சினையாக இருக்கும்போது வெளியிலிருந்து கால்சியம் கொட்டினால், தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் வேலையை உடம்பு மறந்துவிடும். பிரசவமாகிப் பால் சுரக்கத் தொடங்கியதும் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கி வலிப்பு வரும். பாட்டில் இன்னமும் பரணில், மூடி திறக்காமல் இருக்கிறது. அண்ணாச்சிக்குத் தெரியாது.

57ஆம் நாள். எக்ஸ்ரே. ஒரு மண்டை ஓடு, ஒரு முதுகெலும்பு. டாக்டரம்மா படத்தைச் சாய்த்துப் பார்த்தார், விரலால் தடவி மறுபடி எண்ணினார். ஒன்றுதான். அந்தச் சின்னது உடம்புக்குள்ளேயே கரைந்துபோயிருக்கிறது. இப்படி நடப்பது உண்டாம், வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாதாம். எனக்கு வருத்தம் வருவதற்குள் அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார், அதைக் கேட்டதும் வருத்தப்பட நேரமில்லை.

பிரசவத்தைத் தொடங்கி வைப்பது தாய் இல்லை, குட்டிகள். வயிற்றில் இடம் நெருக்கி, முதிர்ந்து, குட்டிகள் சுரக்கும் கார்ட்டிசால்தான் தாயின் உடம்புக்கு "நேரமாச்சு" என்று சொல்கிறது. அதன் பிறகே சினையைத் தாங்கிப் பிடிக்கும் புரொஜெஸ்டிரோன் இறங்கும், வலி வரும். எட்டுக் குட்டி சேர்ந்து கதவைத் தட்டுவதும் ஒரே குட்டி தட்டுவதும் ஒன்றா? சத்தம் கேட்காமலே நாள் தாண்டிப் போகலாம். சத்தம் கேட்டாலும், போதுமான அளவு விரியாத கர்ப்பப்பை சரியாகச் சுருங்காமல் போகலாம். அதற்குள் குட்டி பெருத்துவிடும். "ஒத்தக் குட்டி ஈசின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க" என்றார். எனக்கு உடனே தும்மல் ஞாபகம் வந்தது.

வீட்டுப்பாடம் ஒன்று கொடுத்தார். 58ஆம் நாளிலிருந்து தினம் மூன்று தடவை, ஒரே நேரத்தில், ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து வெப்பம் பார்க்க வேண்டும். இயல்பாக 100, 101 என்று ஓடும். புரொஜெஸ்டிரோன் விழுந்ததும் 99க்குக் கீழே போகும், அதிலிருந்து ஒரு நாளைக்குள் பிரசவம். ஆனால் அந்த இறக்கம் சில மணி நேரம்தான், அப்புறம் மறுபடி ஏறிவிடும். காலையில் மட்டும் பார்க்கிறவர் கண்ணில் படாமலே வந்து போய்விடும்.

தெர்மாமீட்டர் முனையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். முதல் நாள் மைனா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை மறக்காது. மூன்றாம் நாளிலிருந்து கருவியைக் கையில் எடுத்தாலே வந்து முதுகைக் காட்டி நிற்பாள், முடிந்ததும் ஒரு துண்டு கடலை மிட்டாய் உண்டென்று தெரிந்துவிட்டது. (நகக்கண் அளவு துண்டுதான்.)

நோட்டில் உள்ளபடி:

62: 100.6, 100.8, 100.4
63: 100.5, 100.7, 100.2
64: 100.3, 100.4, 100.1
65: 99.8, 99.4, —

64ஆம் நாள் ஸ்கேனில் குட்டியின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 224. 200க்கு மேல் இருந்தால் நல்லது. ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் 5.2. இரண்டுக்குக் கீழே இறங்கினால்தான் குட்டி வெளியே வரத் தயார், அதற்கு முன்னால் அவசரப்பட்டு எடுத்தால் நுரையீரல் முதிர்ந்திருக்காது. "காத்திருங்க, ஆனா தூங்கிராதீங்க" என்று அனுப்பினார்.

அந்த 65ஆம் நாள் கோடுதான் நான் விட்ட ராத்திரி. சொந்தத்தில் கல்யாண ரிசப்ஷன், தலையைக் காட்டிவிட்டு ஒன்பதுக்குள் வந்துவிடலாம் என்று போனேன். பந்தி, மொய், போட்டோ. வீடு திரும்பும்போது மணி பன்னிரண்டேகால். அறையில் விரித்திருந்த கோணிச்சாக்கு சுக்குநூறாகக் கிடந்தது, சுவரோரம் நகத்தால் கீறிய தடம். மைனா மூச்சிரைத்தபடி நின்றாள். வெப்பம் 99.5. இது இறங்கிக்கொண்டிருக்கும் 99.5ஆ, அடிவரை போய்விட்டு ஏறிக்கொண்டிருக்கும் 99.5ஆ? அந்தக் கோட்டில் ஒரு எண் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

விடிகாலை நாலரைக்கு 100.4. வலி இல்லை. மூச்சிரைப்பும் நின்று, சுருண்டு படுத்துத் தூங்கினாள். அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, "மெடிக்கல்ல ஒரு ஊசி இருக்கு, போட்டா அரை மணி நேரத்துல தள்ளிரும்" என்றார். ஆக்ஸிடோசின். போனில் டாக்டரம்மாவிடம் சொன்னதும் அவர் குரல் மாறியது. "தொடாதீங்க. குட்டி பெருசா இருந்து வழி அடைச்சிருந்தா கர்ப்பப்பையே கிழிஞ்சிரும். உடனே கிளம்பி வாங்க."

66ஆம் நாள். காரின் பின் சீட்டில் அம்மா மடியில் தலை வைத்துப் படுத்து வந்தாள். கயத்தாறு தாண்டியதும் மழை. அம்மா வால் பக்கத்தை அடிக்கடி துணியால் ஒற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார், பச்சை நிறத்தில் ஏதாவது வருகிறதா என்று. குட்டி வருவதற்கு முன்னால் பச்சைத் திரவம் வந்தால் நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று அர்த்தம், குட்டிக்கு மூச்சு நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். துணி வெள்ளையாகவே இருந்தது.

ஸ்கேனில் துடிப்பு 182. கால் மணி நேரம் கழித்து 170. புரொஜெஸ்டிரோன் 1.4. ஆக, ராத்திரியே கதவு திறந்திருக்கிறது, கர்ப்பப்பைதான் அசையவில்லை. சிசேரியன் என்று முடிவாயிற்று. மயக்க மருந்து விஷயத்தில் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஆனால் ஒல்லி வேட்டை நாய் வைத்திருக்கிறவர்கள் கேட்டுவிடுவது நல்லது: கிரேஹவுண்ட் மாதிரி கொழுப்பே இல்லாத உடம்புக்குத் தயோபென்டால் வகை மருந்து போட்டால் தெளிய ரொம்ப நேரமாகும். இவர் புரொபோஃபாலும் வாயு மயக்கமும் கொடுத்தார்.

என்னைக் கதவருகே நிற்க விட்டார்கள். வெளியே எடுத்தபோது அது குட்டி மாதிரியே இல்லை, ஈரக் கருப்புச் சாக்ஸ் மாதிரி தொங்கியது. உதவியாளர் மூக்கில் சளியை உறிஞ்சி எடுத்துவிட்டுத் துண்டில் சுற்றித் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டேன். அப்புறம் கதவுக் கீல் கிரீச்சிடுவது மாதிரி ஒரு சத்தம். 540 கிராம், பெட்டை. மைனா மயக்கம் தெளிந்து நிற்பதற்குள் கர்ப்பப்பைத் திரவம் நனைந்த அந்தத் துண்டை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார் டாக்டரம்மா. "இதைத் தொலைச்சிராதீங்க."

எதற்கென்று வீட்டில் தெரிந்தது. தான் ஈன்றதே மைனாவுக்குத் தெரியாது. குட்டியைப் பக்கத்தில் வைத்ததும் பல்லைக் காட்டி உறுமினாள். அந்தத் துண்டால் குட்டியை முழுக்கத் துடைத்து, நான் அவள் தலையைப் பிடித்துக்கொள்ள, அம்மா காம்பில் வாயைப் பொருத்தினார். நாலு தடவை இப்படி. ஐந்தாவது தடவை மோந்து பார்த்தாள், நக்கினாள், விட்டாள். ராத்திரி இரண்டு மணிக்கு நான் எழுந்து பார்க்கும்போது குட்டி அவள் தாடைக்கு அடியில் கிடந்தது.

அதற்குப் பிறகும் ஒத்தக் குட்டியின் தொல்லை தீரவில்லை. ஒட்டிப் படுக்க உடன்பிறப்பு இல்லை. பிறந்த குட்டிக்கு உடம்பை நடுக்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது, முதல் வாரம் அது படுக்கிற இடம் 30 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். டிசம்பர் மழையில் அதற்காக வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, என் பழைய கம்பளித் தொப்பிக்குள் திணித்து வைத்தேன். மைனா பக்கத்தில் இல்லாத நேரத்தில் குட்டி தொப்பியைக் கட்டிக்கொண்டு தூங்கியது.

பால் அடுத்த பிரச்சினை. எட்டுக் காம்பில் குட்டிக்குப் பிடித்தது பின்னால் உள்ள இரண்டு மட்டும். நாலாம் நாள் முன் மடியைத் தொட்டால் வேகாத கிழங்கு மாதிரி இறுகிச் சுட்டது. மைனா காலை உதறினாள். வெதுவெதுப்பான துணி ஒத்தடம், குட்டியை வேளைக்கு ஒரு காம்பாக மாற்றி வைப்பது, அவள் தீனியைக் கொஞ்சம் குறைப்பது. இரண்டு நாளில் இளகிவிட்டது. நீலம் பாய்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மடிநோய், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எடையைச் சமையல் தராசில் தினமும் பார்த்தேன். ஒன்பதாம் நாள் 1,090. இரண்டு மடங்கு ஆகிவிட்டதே என்று பெருமைப்பட்டேன். பதினாறாம் நாள் பார்த்தால் தவளை மாதிரி நாலு காலும் பக்கவாட்டில் விரிந்து தரையோடு தேய்த்துப் போகிறது. போட்டி இல்லாமல் குடித்துக் கொழுத்த குட்டிக்கு வருவது, நீச்சல் குட்டி என்கிறார்கள். வழுக்கும் செய்தித்தாளை எடுத்துவிட்டுச் சொரசொரப்பான ரப்பர் பாய் விரித்தோம். ஒரு நாளைக்கு ஆறு தடவை கால்களை உடம்புக்கு அடியில் கொண்டுவந்து நிற்க வைத்துப் பிடித்தோம். இருபத்தி நாலாம் நாள் நாலு அடி நடந்து விழுந்தது. டாக்டரம்மாவுக்கு வீடியோ அனுப்பினேன்.

இப்போது 38ஆம் நாள், 3.1 கிலோ. கடிக்கிற வலி எவ்வளவு என்று சொல்லிக் கொடுக்க அண்ணன் தம்பி இல்லாததால் என் கையெல்லாம் ஊசித் தழும்பு. அண்ணாச்சி வீட்டிலும் இதே வயதில் ஆறு குட்டி. அவற்றின் தாய்க்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, பாதையில் தரையில் விடாமல் தூக்கிப் போய் நேற்று அவற்றுக்கு நடுவில் இறக்கினேன். இறங்கிய வேகத்தில் ஒன்றின் காதைக் கவ்வியது. அது வீலென்று கத்திவிட்டுத் திரும்பி இதன் கன்னத்தில் ஒரு கடி. நம்ம ஆள் அப்படியே உட்கார்ந்துவிட்டது, வாயைத் திறந்தபடி.

அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருந்தார். "நாளைக்கும் கொண்டா தம்பி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த நோட்டையும் கொண்டா. எம்பொட்டை அடுத்த ஈத்துக்கு வேணும்."