பிள்ளைகளோடு அல்கொன்குயின் காட்டுக்குப் போங்கள்

கோடை விடுமுறை வந்தால் ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் நயாகராவுக்குப் போவார்கள், வொண்டர்லாண்டுக்குப் போவார்கள், கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று மண்டபம் மண்டபமாக ஏறி இறங்குவார்கள். போகட்டும், அதுவும் வேண்டியதுதான். ஆனால் பிள்ளைகள் இருக்கிற எல்லா வீட்டிலும் நான் விடாமல் சொல்லி வருகிறேன்: காருக்குள் ஒரு கூடாரத்தைப் போட்டுக்கொண்டு அல்கொன்குயினுக்குப் போய் இரண்டு இரவாவது தங்குங்கள்.

ரொறன்ரோவிலிருந்து மூன்று மணித்தியாலம் போல ஓட வேண்டும், ஹன்ட்ஸ்வில்லில் நெடுஞ்சாலை 60 இல் ஏறினால் பூங்காவின் மேற்கு வாசல். பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்கு மரமும் நினைக்காதீர்கள். 1893 இல் ஒதுக்கிய காடு, பரப்பு 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது யாழ் மாவட்டத்தைப் போல ஏழு மடங்கு. ஏரிகள் மட்டும் 2,000க்கு மேல்.

நகரத்து வீட்டில் நடப்பது உங்களுக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துக் கடிதத்தை மகள்தான் வாசித்துச் சொல்வாள், வங்கிக்கு ஃபோன் எடுத்தால் பக்கத்தில் நின்று என் உச்சரிப்பைத் திருத்துவாள், புதுக் கைபேசியில் எதை எங்கே அமத்துவது என்று தம்பிக்காரன் காட்டித் தருவான். எதையும் தெரிந்தவர்கள் பிள்ளைகள், கேட்டு நடப்பவர்கள் நாங்கள். பிள்ளைகள் மேல் குற்றமில்லை, புலம்பெயர்ந்த வீடுகளின் நிலைமை அது. காட்டுக்குள் போனதும் இது தலைகீழாகிறது, அதற்காகத்தான் நான் போகிறேன்.

நெருப்பு மூட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல்நாள் மழை பெய்திருந்தது, பூங்காக் கடையில் வாங்கின விறகும் ஈரம். பிள்ளைகள் பெரிய கட்டைகளை அடுக்கி, கடதாசியைக் கொளுத்தி உள்ளே போட்டார்கள்; புகைதான் வந்தது. நான் ஒரு கட்டையைச் சின்னக் கோடரியால் பிளந்து, ஈரம் படாத உட்பக்கத்தை விரல் மொத்தத்துக்குச் சிராயாக்கி, காற்று வருகிற பக்கம் வாய் விட்டுக் குடில் போல சாத்தினேன். மகளைக் குனிந்து அடியில் ஊதச் சொன்னேன், மெல்ல, நீளமாக. மூன்றாவது ஊதலில் பிடித்துக்கொண்டது. கண் எல்லாம் கலங்கி, கன்னத்தில் சாம்பலோடு நிமிர்ந்து பார்த்து, "அம்மா, இதெல்லாம் ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?" என்று கேட்டாள். அம்மம்மாதான் என்றேன். 1995 இல் சண்டைக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து வன்னிக்குப் போய், மரத்துக்குக் கீழே மூன்று கல் வைத்துச் சமைத்த கதை அப்படித்தான் வெளியே வந்தது. வீட்டில் எத்தனையோ தரம் சொல்லத் தொடங்கி, ஒருவரும் காது கொடுக்காத கதை.

அப்புறம் இருட்டு. ரொறன்ரோவில் வளர்கிற பிள்ளை உண்மையான இருட்டைக் கண்டதே இல்லை. நிலவு இல்லாத இரவில் டோர்ச்சை அணைத்துவிட்டு ஏரிக்கரையில் இருங்கள், பால்வீதி தெளிவாகத் தெரியும். உங்கள் ஊரும் இப்படித்தான் இருட்டா இருந்ததா என்று சின்னவன் கேட்டான். மின்சாரமே இல்லாத வருடங்களில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் துளி மண்ணெண்ணெயும் விட்டு எரித்த விளக்கில் நாங்கள் படித்ததைச் சொன்னேன். மண்ணெண்ணெய் ஏன் இல்லை, ஆர் தடுத்தது, அப்போது தாத்தா எங்கே என்று கேள்விக்கு மேல் கேள்வி. கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஏரியில் லூன் கூவியது. ஒரு டொலர் குற்றியில் இருக்கிற அதே பறவைதான், ஆனால் இரவில் அந்த நீண்ட ஓலத்தைக் கேட்டால் பெரியவர்களுக்கும் ஒரு நிமிடம் உடம்பு சிலிர்க்கும். சின்னவன் என் மடிக்குள் வந்துவிட்டான். மடியில் இருக்கிற வயதைத் தாண்டியவன்.

ஓகஸ்டில் போனால் ஓநாய்க் கூவலையும் விசாரியுங்கள். 1963 இல் தொடங்கிய நிகழ்ச்சி. அந்த வாரம் ஓநாய்க் கூட்டம் வீதிக்குக் கிட்ட இருந்தால் மட்டும் நடத்துவார்கள். சனங்கள் கார்களில் வரிசையாகப் போய் இறங்கி மூச்சு விடாமல் நிற்க, பூங்கா ஊழியர்கள் ஓநாய் போலக் கூவுவார்கள், அதிர்ஷ்டம் இருந்தால் காட்டுக்குள்ளிருந்து பதில் வரும்.

கரடி பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கருங்கரடிகள் இருக்கின்றன, வாசனைக்கு வரும். கருவாட்டுப் பொரியல் என்ன, பற்பசை கூடக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது, சாப்பிட்டு முடித்ததும் எல்லாவற்றையும் காருக்குள் பூட்ட வேண்டும். வீட்டு விறகைக் கொண்டு போகாதீர்கள், அதோடு மரத்தைத் தின்னும் பூச்சிகளும் போய்விடும். மே, ஜூனில் கறுப்பு ஈயும் நுளம்பும் பிள்ளைகளைப் பிய்த்துவிடும், ஓகஸ்ட் கடைசிதான் நல்ல காலம். அம்மம்மாவை நிலத்தில் படுக்க வைக்க முடியாதென்றால் மியூ லேக் பக்கம் கட்டிலும் சூடாக்கியும் உள்ள யேர்ட் கூடாரங்கள் இருக்கின்றன. அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அடுப்பு மூட்டுவதில் அவரிடம் நான் இன்னும் படிக்க இருக்கிறது. பதிவு ஐந்து மாதத்துக்கு முன்னரே திறக்கும், காலை ஏழு மணிக்கு. ஓகஸ்டுக்குப் போக விரும்பினால் மார்ச்சிலேயே விடிய எழும்பிக் கணினிக்கு முன்னால் இருங்கள், நல்ல இடங்கள் உடனே போய்விடும்.