ஐந்து வெள்ளிக்கு முக்கால் மணி நேரம்

எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். யாராவது கொஞ்சம் ஏறுக்குமாறாகப் பேசினால், "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று சொல்லிச் சிரிப்போம். 1911லிருந்து அங்கே மனநல மருத்துவமனை இருக்கிறது. நானும் சின்ன வயதிலிருந்து அப்படிச் சொல்லிச் சிரித்தவன்தான். அதனால் கிளினிக் டாக்டர் என்னை மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தபோது என் வாயில் வந்த முதல் கேள்வி, "தஞ்சோங் ரம்புத்தானா டாக்டர்?" அவர் சிரிக்கவில்லை. வேறொரு பொது ஆஸ்பத்திரிதான், பலரும் போகிற இடம்தான் என்றார்.

எனக்கு வேலை செம்பனை (பாமாயில்) ஆலையில். ஒருநாள் இரவு ஷிஃப்டில் இரும்புப் படி ஏறும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. கை மரத்துப்போய், செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். கூட்டாளிகள் அவசரப் பிரிவுக்குத் தூக்கிப்போனார்கள். இசிஜி எடுத்துப் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். இதே கதை மூன்று முறை. அம்மா காத்து கருப்பு என்று கயிறு கட்டிவிட்டார். மூன்றாவது முறைக்குப் பிறகு கிளினிக்கில் 21 கேள்வி உள்ள ஒரு தாளை மலாயில் கொடுத்து, போன ஒரு வாரத்தை நினைத்து 0 முதல் 3 வரை எண் போடச் சொன்னார்கள். 'வாய் உலர்ந்து போனதா', 'உடல் உழைப்பு இல்லாமலே இதயத் துடிப்பை உணர்ந்தீர்களா' என்றெல்லாம் இருந்தது. யாரோ என்னைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியது மாதிரி.

ஐந்து வாரம் காத்திருந்து, ஐந்து வெள்ளி (ரிங்கிட்) கட்டி உள்ளே போனேன். சைக்காலஜிஸ்ட் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. மாத்திரை எழுதுவது டாக்டர், பேசுவது மட்டும்தான் இவர் வேலை. தற்கொலை எண்ணம் உண்டா என்று முதல் நாளே நேராகக் கேட்டார். இல்லை என்பதை நேராகச் சொன்னேன். ஆனால் அப்படி நேராகச் சொன்னது அன்றைக்கு அது ஒன்றைத்தான்.

முதல் மூன்று சந்திப்பை நானே வீணடித்தேன். "எப்படி இருக்கீங்க?" என்பார். "ஓகே புவான், சிக்கிட் ரிசாவ்" என்பேன். புவான் என்றால் மேடம். மற்றது, கொஞ்சம் கவலை, அவ்வளவுதான். பிறகு ஆலைக் கதை, மேனேஜர் கதை. முக்கால் மணி நேரம் ஓடிவிடும். மருந்துக் கடையில் நிற்பது மாதிரி, அவரே ஏதாவது எடுத்துக் கொடுப்பார் என்று காத்திருந்தேன்.

மூன்றாவது சந்திப்பு முடிந்து எழுந்து, கதவைத் திறந்துகொண்டே சொன்னேன்: "அப்பா இறந்த அன்று நான் இரவு ஷிஃப்ட். ஆறு தடவை போன் வந்திருக்கு, எடுக்கலை." அப்பாவுக்கு மாரடைப்பு. புவான் பேனாவைக் கீழே வைத்தார். "இதை அடுத்த முறை உட்கார்ந்ததும் முதலில் சொல்லுங்க" என்றார். கதவருகே வந்துதான் முக்கியமானதைச் சொல்வது பலரும் செய்வதாம். நேரம் முடிந்துவிட்டது, இனி யாரும் கேள்வி கேட்க முடியாது என்கிற தைரியம் போல.

அன்றிலிருந்து சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. போகிற நாள் காலையில் பசியாறும்போது ஒரே ஒரு வரி எழுதுவேன்: இன்றைக்குச் சொல்லக் கூடாது என்று நினைப்பது எது? அதைத்தான் முதலில் படித்துக்காட்டுவேன். கூச்சமாகத்தான் இருக்கும்.

எனக்கு அதைவிடப் பெரிய திருப்பம் மொழியில் வந்தது. என் மலாய் மோசமில்லை. ஆனால் மலாயில் பேசும்போது எல்லாமே 'ரிசாவ்' ஆகிவிடும். ஒருநாள் புவான், "இதையே உங்க அம்மாகிட்ட எப்படிச் சொல்வீங்க? முதல்ல தமிழ்ல சொல்லுங்க, பிறகு எனக்கு விளக்குங்க" என்றார். சொன்னேன்: நெஞ்சு பதறுது. திக்குனு இருக்கு. மனசு கனக்குது. விளக்க ஆரம்பித்தபோதுதான் எனக்கே தெரிந்தது, மூன்றும் ஒன்றில்லை. பதறுவது உடம்பில். திக்கென்பது இரண்டு நொடி, பெரும்பாலும் போன் மணி அடிக்கும்போது. கனக்கிறது அப்பாவை நினைத்தால் மட்டும். அவர் தாளில் மூன்று கட்டம் போட்டுத் தமிழ்ச் சொற்களை ரூமியில், அதாவது மலாய்க்குப் பயன்படும் ஆங்கில எழுத்தில், எழுதிக்கொண்டார். கடைசிக் கட்டம் நோயே இல்லை, துக்கம் என்றார். அதற்கு மாற்று தேட வேண்டாம், அழ நேரம் கொடுத்தால் போதும் என்றார். உங்கள் சைக்காலஜிஸ்டுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் ஒரு சொல்லைத் தமிழிலேயே வைத்துவிட்டு விளக்கிப் பாருங்கள்.

பதறுவதற்கு வந்த பயிற்சி வேடிக்கையானது. அறையிலேயே நின்ற இடத்தில் ஒரு நிமிஷம் ஓடி, வேண்டுமென்றே நெஞ்சை அடிக்கவிட வேண்டும். பயத்துக்கு 100க்கு எத்தனை என்றார். 80 என்றேன். இளைப்பாறி மறுபடி, மறுபடி. மூன்றாவது முறை 45. துடிப்பு அதேதான், பயம்தான் குறைந்தது. பதற்றம் சில நிமிஷத்தில் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும் என்று அவர் படம் போட்டு விளக்கியபோது நம்பாதவன், என் உடம்பு காட்டியதும் நம்பினேன்.

அப்போதுதான் பாக்கெட்டில் இருந்த கோடாலித் தைலத்தைக் கண்டுபிடித்தார். அதில்லாமல் நான் படி ஏறுவதில்லை. "தைலம் காப்பாத்துச்சா, இல்லை தானா இறங்குச்சா, எப்படித் தெரியும்?" என்றார். வீட்டுப்பாடம்: தைலம் இல்லாமல், வாரம் மூன்று நாள், அதே இரும்புப் படி. நான்காவது நாள் தைலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அதையும் நோட்டில் எழுதினேன். செய்யாத வீட்டுப்பாடத்தை மறைத்தால் நமக்குத்தான் நஷ்டம். ஏன் செய்யவில்லை என்று பேசியதில்தான் அடுத்த அரை மணி நேரம் உருப்படியாகப் போனது. மூச்சுப் பயிற்சி எனக்கு ஒத்துவரவில்லை, மூச்சைக் கவனித்தாலே பதறுகிறது என்று சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். உடனே விட்டுவிட்டார்.

சில நடைமுறை விஷயங்கள். டைம் ஸ்லிப், அதாவது அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்ததற்கான சீட்டு, கேட்டு வாங்குங்கள். என் ஸ்லிப்பில் ஆஸ்பத்திரி முத்திரை மட்டும்தான் இருந்தது, என்ன பேசினோம் என்று ஆலைக்குத் தெரியாது. நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு போகாதீர்கள், தூங்கி வழிவீர்கள். முடிந்ததும் நேராக மோட்டார் சைக்கிளில் ஏறாமல் கோப்பிக்கடையில் உட்கார்ந்து, கேட்டதில் ஒன்றிரண்டை எழுதிவிடுங்கள். ஊர் வருவதற்குள் பாதி மறந்துவிடும். தனியாரிடம் போவதானால், கவுன்சலர் 1998ஆம் ஆண்டின் கவுன்சலர்கள் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், தப்பில்லை.

பதினொரு முறை போயிருக்கிறேன். நெஞ்சு படபடக்கும் என்று விட்டிருந்த கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) இப்போது மறுபடி குடிக்கிறேன். அடுத்த சந்திப்புக்கு மூன்று மாதம் இருக்கிறது. நோட்டில் ஒரு வரி ஏற்கெனவே விழுந்துவிட்டது, அம்மாவைப் பற்றியது. இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.