60 கிகாஹெர்ட்ஸும் ஒரு இரும்பு பீரோவும்

60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை காரிடாரில் எப்படிப் பரவுகிறது என்று அளக்கப் போகிறவர்களே, கேபிள் வந்ததும் மாட்டிப் பார்க்காமல் ஸ்டோர்ஸில் கையெழுத்துப் போடாதீர்கள். நாங்கள் எழுதிக் கொடுத்தது 1.85 மில்லிமீட்டர் கனெக்டர்; வந்தது 2.92. அது 40 கிகாஹெர்ட்ஸோடு சரி, எங்கள் விஎன்ஏ (ரேடியோ சிக்னலை அனுப்பி, வந்து சேர்வதை அளக்கும் கருவி) போர்ட்டில் ஏறவும் ஏறாது. "ரெண்டும் ஒண்ணுபோலத்தானே சார் இருக்கு" என்றார் ஸ்டோர்ஸ்காரர். மாற்றி வாங்குவதற்குள் செமஸ்டரே ஓடிவிட்டது.

கேலிப்ரேஷனில், அதாவது அளக்கும் முன் கருவியைச் சரிசெய்வதில், பிரச்சினை இல்லை. கருவியை ஒரு மணி நேரமாவது சூடாக விடுங்கள். அப்புறம் கேபிளை வளைக்காதீர்கள், அலையின் ஃபேஸ் (கட்டம்) மாறிப்போய்விடும்.

ஹார்ன் ஆண்டெனாவை (ஒரே திசையை நோக்கும் கூம்பு) அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் 10 டிகிரி வீதம் திருப்பினால் ஓரிடத்துக்கு 36 × 36, அதாவது 1296 ஸ்வீப் (அளவீடு). அதுவரை குறுக்கே யாரும் வரக்கூடாது. இந்த அலைநீளம் 5 மில்லிமீட்டர்தான். குறுக்கே ஆள் நின்றாலே சிக்னல் 20 டெசிபலுக்கு மேல் விழும். இரவில் அளந்தாலும் வாட்ச்மேன் அண்ணன் ரவுண்ட்ஸ் வந்துவிடுவார். "கையெழுத்து போடலேன்னா என்னைக் கேப்பாங்க தம்பி." அவர் கையெழுத்துப் போடும் நோட்டை மாடிப்படிப் பக்கம் மாற்றி வைக்கச் சூப்பர்வைசரைச் சம்மதிக்க வைத்தது எங்கள் முதல் வெற்றி.

ஆனால் அவர் குறுக்கே நின்றதில்தான் நல்ல விஷயம் கிடைத்தது. நேர்ப்பாதை செத்துக் கிடக்க, ஹார்னைப் பக்கவாட்டில் திருப்பினால் 2 நானோசெகண்ட் தாமதமாக இன்னொரு பாதை பளிச்சென்று வந்தது. அதாவது நேர்ப்பாதையைவிட 60 சென்டிமீட்டர் சுற்று. தேடினால், சுவரோரம் ஆபீஸின் பழைய இரும்பு பீரோ! நேர்ப்பாதை அடைபட்டால் பீமை (ஆண்டெனா வீசும் கற்றையை) எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதானே எங்கள் கேள்வியே.

மறுநாள் இரவு பீரோ இல்லை. ஆடிட்டுக்காக நகர்த்திவிட்டார்களாம். அந்தப் பாதையும் காணோம், முந்தைய டேட்டாவை எதனோடு ஒப்பிடுவது? திரும்ப வைக்கக் கடிதம் கேட்டார்கள். 'ரேடியோ எதிரொளிப்பு ஆய்வுக்காக' என்று எழுதினோம். கிளார்க் திருப்பி அனுப்பினார். 'தற்காலிகச் சேமிப்புக்காக' என்று மாற்றியதும் ஒரே மணி நேரத்தில் கையெழுத்து. பீரோ வந்தது, அதே கோணத்தில் அதே 2 நானோசெகண்டும் வந்தது.

ஆரம்பிக்கும் முன் காரிடாரை முழுக்கப் போட்டோ எடுத்துவிடுங்கள். ஸ்டாண்டின் கால்களுக்குத் தரையில் டேப் ஒட்டுங்கள். சாக்பீஸ் வேண்டாம், காலையில் துடைத்துவிடுவார்கள். நோட்டீஸ் போர்டின் கண்ணாடிக் கதவு திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்பதைக்கூடக் குறித்து வையுங்கள்.