விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய கதை

26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு வாங்குவதில் எனக்குப் பெரிய சிரமம் இல்லை. விண்ணப்பம், டாக்டர் சான்று, அவ்வளவுதான். பிரசவத்துக்கு முன்பே கொஞ்ச நாள் எடுத்துவிட்டதால், விடுப்பு முடியும்போது மகனுக்கு ஐந்து மாதம். வீடு பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். வேலை தஞ்சாவூரில், ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

"வீட்ல பெரியவங்க இல்லையாம்மா?" என்றார் மேனேஜர். யாரைப் பார்த்தாலும் இதே கேள்விதான். இருக்கிறார்கள். ஆனால் ஜூன் 12 வாக்கில் மேட்டூரைத் திறந்து, கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் அத்தை வீட்டில் தங்க மாட்டார். நாற்றுப் பறி, நடவு, களை என்று குறுவை முழுக்க வயல்தான். குறுவை அறுத்த கையோடு தாளடி. டெல்டாவில் மாமியார் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ!

ப்ளே ஸ்கூல்களில் விசாரித்தேன். நடக்கத் தெரிந்த பிள்ளையைத்தான் எடுப்பார்களாம், அதுவும் மாலை நாலு மணி வரை.

அப்போது நடப்பில் இருந்த மகப்பேறு பயன் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. ஆண்களையும் சேர்த்துத்தான் இந்த 50. தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். இந்தச் சலுகைகளை வேலையில் சேரும்போதே நிறுவனம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் இருந்தது. எனக்கு வந்த நியமனக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. காப்பகம் பற்றிய 11ஏ பிரிவைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டேன். வாயால் கேட்டபோது "பார்க்கலாம்மா" என்றவர்கள், கையெழுத்துப் போட்டபின் உட்கார்ந்து பேசினார்கள்.

முதலில் காப்பகத்துக்குப் பதிலாக மாதம் ஒரு தொகை தருகிறோம் என்றார்கள். தொகை மோசமில்லை. ஆனால் பிள்ளை ஊரில் இருந்தால் நான் எப்படி நான்கு முறை போய்ப் பார்ப்பது? வேண்டாம் என்றேன். இடமில்லை என்பது அடுத்த பதில். சில நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் பொதுக் காப்பகத்தையும் சட்டம் அனுமதிக்கிறது. பக்கத்துக் கட்டடத்து லேபிலும் கைக்குழந்தைக்காரர்கள் இருந்தார்கள். இரண்டு நிர்வாகமும் செலவைப் பிரித்துக்கொள்ளச் சம்மதித்ததும், பழைய ஃபைல் அடைத்து வைத்திருந்த அறை காலியானது.

வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார்கள். தூளி கட்டக் கொக்கி மாட்டியதும் வாட்ச்மேன் அண்ணன் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைச் சேலையில் போட்டு, தொங்கவிட்டு, ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். "இப்ப கொண்டாங்க புள்ளைய" என்றார். எத்தனை சான்றிதழ் வந்தாலும் எனக்கு அந்த அளவு நிம்மதி வந்திருக்காது. அங்கன்வாடியில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா ஆயாவாக வந்தார். எங்கள் சாப்பாட்டு டப்பாக்கள் இருக்கும் ஃப்ரிட்ஜில் மேல் தட்டு, எடுத்து வைக்கும் தாய்ப்பாலுக்கு என்று ஒதுங்கியது. பாட்டிலில் பெயரும் நேரமும் எழுதி ஒட்டாமல் அக்கா வாங்க மாட்டார்.

காலை பாசஞ்சரில் மகனோடு வருகிறேன். வரும்போது மடியில் தூங்கிவிடுவான், திரும்பும்போதுதான் ஆட்டம்.

சேர்ந்த புதிதில் ஒரு தகராறு. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு போக, பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு. சூப்பர்வைசர் அதை வருகைப் பதிவேட்டில் 'பர்மிஷன்' என்று எழுதிவந்தார். மூன்று பர்மிஷன் சேர்ந்தால் அரை நாள் லீவு என்பது எங்கள் ஆபீஸ் கணக்கு. சட்டப் பிரிவைப் பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்தேன். "சரிம்மா, கோச்சுக்காதீங்க" என்று அடித்து எழுதினார். கோபமெல்லாம் இல்லை, கணக்குப் பிரிவில் இருப்பவளுக்குக் கணக்கு தப்பினால் கண்ணில் படுமே.

இப்போது ஆண் ஊழியர் ஒருவரும் தன் மகளைக் கொண்டுவந்து விடுகிறார். மாதக் கடைசியில் கணக்கு முடிக்க இரவு எட்டு ஆகிறது, அந்த நேரத்துக்கு அக்காவுக்குக் கூடுதல் சம்பளம் எந்த நிர்வாகம் தருவது என்று பேச்சு நடக்கிறது. அதற்கும் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.