அம்மாவின் வயர் கூடை

எங்கள் வேலூரைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு. ஆற்றில் தண்ணீர் இல்லை, மலையில் மரம் இல்லை, கோட்டையில் ராஜா இல்லை, கோயிலில் சாமி இல்லை. இதில் சாமி மட்டும் 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். தண்ணீர் வந்தது 2021 நவம்பரில். பாலாறு இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓட, சுத்துப்பட்டு ஏரியெல்லாம் நிரம்பிக் கோடி போக, கெளுத்தி மீனும் ஜிலேபி மீனும் ரோட்டைத் தாண்டியது. ஊரே கொசுவலையும் லுங்கியுமாக இறங்கியது. எனக்கும் என் மச்சானுக்கும் (மனைவியின் தம்பி) மீன் பைத்தியம் பிடித்தது அப்போதுதான். தண்ணீர் வடிந்தது, பைத்தியம் வடியவில்லை.

அப்புறம் ஆளுக்கொரு தூண்டில், நரம்பு, முள், தக்கை எல்லாம் வாங்கி, பொன்னை போகிற பக்கம் ஒரு ஏரிக்குப் போக ஆரம்பித்தோம். ஏரி பெயர் வேண்டாம், எனக்குத்தான் வம்பு. முதலில் மோர்தானா அணைக்குப் போகலாம் என்றுதான் மச்சான் சொன்னான். குடியாத்தத்தில் டீ குடித்த இடத்தில் ஒரு பெரியவர், "அந்தப் பக்கம் ஆனை எறங்கும், இருட்டறதுக்குள்ள திரும்பிடுங்க" என்றார். நாங்கள் டீயோடு திரும்பிவிட்டோம்.

இந்த ஏரிக்கு நான் கொண்டுபோனது அம்மா பின்னிய வயர் கூடை. பச்சையும் மஞ்சளும் கட்டம் கட்டமாக, பாதியில் வயர் தீர்ந்துபோய் ஒரு காது மட்டும் சிவப்பு. ஊரில் வேறு யாரிடமும் அப்படி ஒரு கூடை இருக்க வாய்ப்பே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதகுக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் கூடையை வைத்துவிட்டு, ஒரு இருபது அடி தள்ளித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தோம். உள்ளே நாலு கெளுத்தி, டிபன் பாக்ஸில் அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சை சாதம். திரும்பிப் பார்த்தால் கூடை இல்லை. செருப்பு இருக்கிறது, வண்டி இருக்கிறது, வண்டியில் சாவிகூட அப்படியே தொங்குகிறது. வண்டியை விட்டுவிட்டு கெளுத்தியைத் தூக்குகிற திருடனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், அதாவது பார்க்கவில்லை. போலீஸுக்குப் போகலாமா என்றான் மச்சான். இந்த ஏரிக்கரை எந்த ஸ்டேஷன் எல்லை? வட ஆற்காடாக இருந்தது வேலூராகி, 2019-ல் ராணிப்பேட்டை வேறு பிரிந்து, எங்கே எது முடிகிறது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அதைவிட, எலுமிச்சை சாதம் காணோம் என்று எந்த வாயால் எழுதிக் கொடுப்பது?

வீட்டில் அம்மா அதற்கப்புறம் இரண்டு மாதம், தினமும் இல்லை, வாரத்துக்கு மூன்று தடவை, "கூடை எங்கடா" என்று கேட்டார்கள். மச்சான் வீட்டில் இருக்கிறது என்றேன். மச்சான் என் வீட்டில் இருக்கிறது என்றான்.

கெளுத்தி ராத்திரியில்தான் நன்றாகக் கடிக்கும் என்று யாரோ சொல்ல, அடுத்த முறை ராத்திரி போனோம். இரை கோழிக்குடல், அந்த நாற்றத்துக்கே மீன் வரும். பத்தரை மணி வரைக்கும் ஏழெட்டு விழுந்தது. ஒன்று மச்சானின் கட்டைவிரலில் முள்ளைப் போட்டுவிட்டது. கெளுத்தி முள் குத்தினால் லேசில் விடாது, விரலில் ஆரம்பித்து முழங்கை வரைக்கும் கடுக்கும். அவன் விரலை வாயில் வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தபோதுதான் கரைமேல் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அணைந்தது. கொஞ்சம் கிட்டே வந்து மறுபடி எரிந்தது. "மாமா, கொள்ளிவாய்ப் பிசாசு" என்றான், வாயிலிருந்து விரலை எடுக்காமல். அடுத்த காற்றில் பீடி வாசனை வந்தது. பிசாசாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது, பீடி பிடிக்கிறது என்றால் மனுஷன்.

தலையில் துண்டு, மடித்துக் கட்டிய லுங்கி, கையில் கொடுவாள். வந்தவர் ஒன்றும் பேசவில்லை. எங்களுக்குப் பின்னால், சரியாக முதுகுக்குப் பின்னால், குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். தக்கை ஆடிக்கொண்டே இருக்கிறது, நான் இழுக்கவில்லை.

"இன்னா வச்சிகினு புடிக்கிறீங்க?"

"கோழிக்குடல்ணா."

"வண்டி எங்க வுட்டீங்க?"

அவ்வளவுதான். மச்சான் எழுந்து, யாரும் கேட்காமலே, தன் போன், பர்ஸ், கழுத்தில் இருந்த வெள்ளிச் சங்கிலி எல்லாவற்றையும் இரண்டு கையாலும் நீட்டினான், கல்யாண வீட்டில் மொய் வைக்கிற மாதிரி. அந்த ஆள் டார்ச்சை அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது எதுக்குபா எனக்கு?"

அவர் ஏரிக்குக் காவலாளாம். மீன் ஏலம் எடுத்தவர் வைத்த ஆள். எங்கள் தலை டார்ச்சைப் பார்த்து, வலை போட்டு மொத்தமாக அள்ளுகிற கும்பல் வந்துவிட்டது என்று நினைத்து, ஒரு மணி நேரமாகக் கரைக்கு அந்தப் பக்கம் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தாராம். "கூட ஒருத்தனுமில்ல, ரெண்டு பீடி புடிச்சிட்டுதான் தைரியம் வந்துச்சி" என்றார். கடைசியில் அந்த ஏரிக்கரையில் மூன்று பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

மச்சானுக்கு உடனே சட்டம் பேசத் தெம்பு வந்துவிட்டது. ஏலம் எடுத்தவர் குஞ்சு விட்டது கட்லா, ரோகு, மிருகால்தானே, கெளுத்தியை யார் விட்டது, அது மழையில் வந்தது, மழை யார் ஏலம் எடுத்தது என்று கேட்டான். எனக்கே நியாயமாகப் பட்டது. அவர் அவன் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, மீன எடு" என்றார்.

எடுத்தோம். "இருங்க, போட ஒண்ணு எடுத்தாறேன்" என்று கரை ஏறி, சைக்கிளில் மாட்டியிருந்ததைக் கழற்றிக்கொண்டு வந்தார். பச்சை, மஞ்சள் கட்டம். ஒரு காது சிவப்பு.

மச்சான் என்னைப் பார்த்தான். நான் ஏரியைப் பார்த்தேன். அது எங்கள் கூடை என்று சொன்னால், இரண்டு மாதத்துக்கு முன்னாலும் திருட வந்தது நாங்கள்தான் என்று நாங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

"நல்ல கூடைணா," என்றேன்.

"ஆமாம்பா. யாரோ திருட்டுப் பசங்க வுட்டுட்டுப் போனது. உள்ள சோறுகூட இருந்துச்சி. உப்புதான் கம்மி."